கழுவுறது ஆரு?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு வாத்தியார் பிள்ளைக்குத் துடைக்கிற சீலையைப் பற்றி எழுத வந்திருக்கிறாரே என்று சிலருக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு வாசியுங்கள். குறிப்பாக ஆண்கள் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

மகளுக்குப் பிள்ளை கிடைத்து இப்போது ஏழு மாதம். மகளும் மருமகனும் எங்கள் வளவிலேயேதான் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்து மூன்றாவது கிழமை, குப்பை எடுக்கிற டிரெக்டர் வருகிற நாள், காலையில் பையைத் தூக்கினேன். கனத்தது. அதற்கு முந்தி எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்குச் சின்னப் பை ஒன்று போதும். இப்போது இரண்டு பெரிய பை. திறந்து பார்த்தேன். டயபர் இருந்தது. அதற்கு மேலால், கீழால், இடையால் எல்லாம் வைப்ஸ்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சுற்றாடல் கழகத்துக்கும் பொறுப்பாக இருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் 5ஆம் திகதியும் காலைக் கூட்டத்தில் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிறவன் நான்தான். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள் போய் மகளுக்கும் ஒரு பிரசங்கம் வைத்தேன்.

"உங்கட மூத்தம்மா எட்டுப் பிள்ளையை வளத்தா. ஒரு வைப்ஸைக் கண்டாவா? பழைய சாரத்தைக் கிழிச்சி வச்சித்தான் எல்லாம் நடந்த" என்றேன்.

மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரவு முழுக்க நித்திரை இல்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சரி வாப்பா. கழுவுறது ஆரு?"

எனக்குப் பதில் வரவில்லை. குசினிக்குள் மனைவி சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் கேள்விக்கு நான் ஆறு மாதமாகத் தேடிக் கண்ட பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கைப் பாருங்கள். பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை சீலை மாற்ற வேண்டும். தடவைக்கு இரண்டு வைப்ஸ் என்று வைத்தால் ஒரு நாளைக்கு இருபது வரை போகும். 80 உள்ள பக்கட் நாலு நாளைக்குத்தான் வரும். மாதத்துக்கு ஏழு, எட்டுப் பக்கட். உங்கள் கடையில் ஒரு பக்கட் என்ன விலையோ அதால் பெருக்கிப் பாருங்கள். பிள்ளை வளர வளரத் தேவை குறையும். நாளைக்குப் பன்னிரண்டு என்று குறைத்துப் பிடித்தாலும் இரண்டு வருடத்தில் 8,700க்கு மேல் வருகிறது. ஒரு பிள்ளைக்கு. ஒரு வீட்டில்.

அடுத்தது, வைப்ஸ் என்றால் என்ன? தொட்டுப் பார்த்தால் ஈரத் தாள் போல இருக்கும். தாள் என்று நினைத்துத்தான் நம்மில் பலர் மலசலகூடத்துக்குள் போடுகிறோம். ஆனால் கடைகளில் கிடைக்கிற வைப்ஸில் பெரும்பகுதி பொலியெஸ்டர், பொலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் இழையும் விஸ்கோஸும் கலந்து செய்த, நெய்யாத துணி. தாள் தண்ணீரில் கரையும். இது கரையாது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் மலசலகூடக் குழிதான். குழிக்குள் போன வைப்ஸ் அங்கேயே கிடக்கும். பைப்பை அடைக்கும். பவுசர் கூப்பிட்டுக் காசு கொடுக்கிற நாளில்தான் அது நமக்கு ஞாபகம் வரும்.

வளவுக்குள் வைத்து எரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் இழை எரிகிற புகை எங்கே போகிறது? அதே பிள்ளை தூங்குகிற அறையின் யன்னலுக்குள்தான்.

டிரெக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டால் போய்விட்டது என்று நினைக்கவும் முடியாது. நம் அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பை மேட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுற்றியுள்ள ஊர்களின் குப்பை போய்ச் சேர்கிற இடம். 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் அந்தக் குப்பையைத் தின்று சுமார் 20 யானைகள் செத்ததாக அப்போது செய்தி வந்தது. வயிற்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர்கள் கண்டது பொலித்தீன், சாப்பாடு சுற்றுகிற உறை, பிளாஸ்டிக். அந்த மேட்டில் கிடக்கிறது வேறு யாருடைய குப்பையும் இல்லை. நாம் வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற பைதான்.

அரசாங்கம் சட்டம் போடட்டும் என்று சொல்லலாம். போட்டுத்தான் இருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள். 2021 மார்ச் 31இல் சின்னச் சஷே பக்கட்டையும், காது குடைகிற பஞ்சுக் குச்சியின் பிளாஸ்டிக் தண்டையும் தடை செய்தார்கள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. வைப்ஸ் அந்தப் பட்டியல்களில் இல்லை. சட்டம் வரும் வரைக்கும் காத்திருந்தால் என் பேத்தி பாடசாலைக்கே போய்விடுவாள்.

பிள்ளையின் தோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பக்கட் வைப்ஸ் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்கிறது. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அதற்குள் பாதுகாப்பு மருந்து கலக்கத்தான் வேண்டும். அப்படிப் பாவித்த மருந்துகளில் ஒன்று மெத்தைல்ஐசோதயசோலினோன். பலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொடுத்ததால், கழுவாமல் தோலிலேயே விடுகிற பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. வைப்ஸும் அந்த வகைதான். எல்லா வைப்ஸிலும் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பக்கட்டின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருப்பதை ஒரு தடவை வாசியுங்கள் என்றுதான் சொல்கிறேன். தண்ணீரில் நனைத்த சீலைக்கு அப்படி ஒரு பட்டியலே தேவையில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாம் தண்ணீரால் சுத்தம் செய்கிற சமூகம். வைப்ஸால் துடைத்த பிறகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் பைப்பில் கழுவத்தானே செய்கிறோம்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. முதலில் வைப்ஸ், பிறகு தண்ணீர், பிறகு துவாய். நடுவில் தண்ணீர் இருக்கும்போது முன்னால் அந்த வைப்ஸ் எதற்கு? பெரிய அசுத்தத்தை எடுக்க ஒரு துண்டு வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு பழைய சீலைத் துண்டு போதும்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நான் வேலையைத் தொடங்கினேன். தொடங்கியதும் இரண்டு பிழை விட்டேன். நீங்களும் அதே பிழையை விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் பிழை சீலையில். வீட்டில் கிடந்த ஒரு பழைய சால்வையை எடுத்து வெட்டினேன். மெதுவாகத்தான் இருந்தது. தண்ணீரில் போட்டால் தண்ணீர் உருண்டு ஓடுகிறது, உறிஞ்சவே இல்லை. அது பொலியெஸ்டர். வைப்ஸில் உள்ள அதே பிளாஸ்டிக்கைத்தான் நான் துணியாக வெட்டி வைத்திருக்கிறேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு இது வெட்கம். பருத்தியா இல்லையா என்று பார்க்க ஒரு நூலை இழுத்துக் கொளுத்துங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் குண்டுமணி போலக் கட்டியாகும்.

இரண்டாவது பிழை ஈரத்தில். கடை வைப்ஸ் மாதிரியே இருக்கட்டும் என்று, தண்ணீருக்குள் கொஞ்சம் பேபி சோப்பும் தேங்காய் எண்ணெயும் கலந்து, சீலைகளை அதில் நனைத்து ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி மூடி வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் வாடை. தொட்டால் வழுக்குகிறது. அத்தனையையும் எடுத்துக் கொதிக்க வைக்க வேண்டி வந்தது. காரணம் மேலே சொன்னதுதான். கடைக்காரன் மருந்து போடுகிறான், நாம் போடுவதில்லை. நம் வெயிலுக்கு ஈரச் சீலையை மூடி வைத்தால் கிருமி பெருகும். ஆகவே சீலையைக் காய்ந்ததாகவே அடுக்கி வையுங்கள். பாவிக்கிற நேரத்தில் மட்டும் நனையுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடக்கிற முறையைச் சொல்கிறேன்.

சீலை: பழைய பருத்திச் சாரம்தான் எல்லாவற்றிலும் நல்லது. எத்தனையோ தடவை கழுவிக் கழுவி மெதுவாகிப் போயிருக்கும். பழைய வாயில் சேலை, பருத்தி டீசேர்ட், தேய்ந்த துவாய் எல்லாம் சரி. புதிதாக எடுப்பதென்றால் மருதமுனைக் கைத்தறி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பருத்தி நூல்தானா என்று கேட்டு வாங்குங்கள். கஞ்சி போகும் வரைக்கும் இரண்டு, மூன்று தடவை கழுவிவிட்டு வெட்டுங்கள்.

அளவு: எட்டு அங்குலச் சதுரம். உள்ளங்கையை மூடிப் பிடிக்க அந்த அளவு போதும். ஒரு சாரத்தில் தேய்ந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டினாலும் நாற்பது துண்டு வரும். மெல்லிய சீலை என்றால் இரண்டு துண்டை ஒன்றாக வைத்து மூன்று பக்கமும் தைத்து, நாலாவது பக்கத்தில் இரண்டு விரல் இடம் விட்டு, அதால் உள்ளே வெளியே திருப்பி, சுற்றிவர ஒரு தையல் போட்டால் சரி. மெசின் இல்லாதவர்கள் தையல் கடையில் ஓரத்துக்கு ஓவர்லொக் அடித்துக் கேளுங்கள். டீசேர்ட் துணிக்கு அதுவும் தேவையில்லை. நூல் பிரியாது, வெட்டினால் முடிந்தது.

எண்ணிக்கை: நாங்கள் நாற்பது வைத்திருக்கிறோம். ஒரு நாள் பாவனைக்கு இருபது, கொடியில் இருபது.

பாவிப்பது: படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் காய்ந்த சீலை. பக்கத்தில் பிளாஸ்கில் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சின்னக் கோப்பை. கோப்பையில் ஊற்றிக் கையால் சூடு பார்த்து, நனைத்துப் பிழிந்து துடைப்பது. முன்னாலிருந்து பின்னால் துடையுங்கள். பெண் பிள்ளைக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். கடைசியில் ஒரு காய்ந்த சீலையால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வாசனை எண்ணெய் எதுவும் கலக்க வேண்டாம். பிள்ளைக்கு வெறும் தண்ணீர் போதும்.

கழுவுவது: மலம் பட்ட சீலையை அப்போதே பைப்பின் கீழே பிடித்து அலசி, அந்தத் தண்ணீரை மலசலகூடத்துக்குள் ஊற்றுங்கள். கிணற்றடியில் அலச வேண்டாம். நம் ஊர் மணல் பூமி. மேலே ஊற்றுவது சீக்கிரமாகக் கீழே இறங்கும், கிணற்றுத் தண்ணீர் ஆழத்திலும் இல்லை. அலசிய சீலையை மூடியுள்ள ஒரு வாளியில் போட்டு வையுங்கள். அடுத்த நாள் காலையில் சுடுதண்ணீரிலும் சவர்க்காரத் தூளிலும் கழுவி, நுரை போகும் வரை மூன்று தண்ணீர் அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். துணியை மெதுவாக்குகிற வாசனைத் திரவம் போட வேண்டாம். அது நூலில் படிந்து, சீலை தண்ணீரை உறிஞ்சாமல் போகும். பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றாலோ, தோல் சிவந்து புண்ணானாலோ, சீலையைக் கொதிக்க வைத்து எடுங்கள், மிட்வைஃப் மிஸ்ஸிடம் அல்லது வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாரி காலத்தில் காயாதே என்று கேட்பீர்கள். உண்மைதான். நவம்பர், டிசம்பர் மழையில் இரட்டைத் துண்டு இரண்டு நாளைக்கும் காயாது. அந்த நேரத்துக்கு ஒற்றைத் துண்டு நல்லது. ஃபேனுக்குக் கீழே கட்டிய கொடியில் ஓர் இரவில் காய்ந்துவிடும். கொஞ்சம் ஈரம் இருந்தால் ஸ்திரிக்கை போடுங்கள்.

ஒரு சகோதரி என் மனைவியிடம் கேட்டது இது: "நஜீஸ் பட்ட சீலையை மற்ற உடுப்போட மெசினுக்குள்ள போட்டா, எல்லாம் நஜீஸாகாதா?" நல்ல கேள்வி. நான் ஆலிம் இல்லை. எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். அசுத்தத்தை முதலில் நீக்கி, சீலையை வாளித் தண்ணீருக்குள் அமுக்காமல், சீலையின் மேல் தண்ணீரை ஓடவிட்டு, நிறமும் வாடையும் போன பிறகுதான் மெசினுக்குள் போடுகிறோம். பால் மட்டும் குடிக்கிற ஆண் குழந்தையின் சிறுநீருக்குத் தண்ணீர் தெளித்தால் போதும் என்று நம் ஷாபிஈ மத்ஹபில் ஒரு சலுகையும் இருக்கிறது. பெண் குழந்தைக்குக் கழுவ வேண்டும். மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் உலமாக்களிடம் கேளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கேள்வி வைப்ஸுக்கும் உண்டு. வைப்ஸால் துடைத்து எறிந்துவிட்டால் பிள்ளையின் உடம்பு சுத்தமாகிவிட்டதா? அங்கேயும் தண்ணீர் வேண்டும்தானே?

சரி, இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். கழுவுறது ஆரு?

நான் என் உம்மாவைச் சொல்லித்தான் மகளுக்குப் பிரசங்கம் வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். எட்டுப் பிள்ளைக்கும் சீலை கழுவியது யார்? உம்மா. உம்மாவுக்கு ஏலாத நாளில் என் மூத்த ராத்தா. ராத்தாவுக்கு அப்போது பத்து, பதினொரு வயது. சீலை கழுவ வேண்டுமென்று பாடசாலைக்குப் போகாத நாட்கள் அவவுக்கு இருந்தன. அந்த நாட்களில் நான் பாடசாலைக்குப் போனேன். இன்றைக்கு நான் வாத்தியார். ராத்தா ஏழாம் வகுப்போடு நின்றவ.

"அந்தக் காலத்தில் எல்லாம் சீலையில்தான் நடந்தது" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமைக்குள் இது மறைந்து கிடக்கிறது. சீலை தானாகக் கழுவப்படவில்லை. யாரோ ஒரு பெண் பிள்ளையின் நேரம் அதில் போனது. வைப்ஸ் வந்தபோது நம் பெண்கள் ஏன் அதைக் கையில் எடுத்தார்கள் என்று இப்போது எனக்கு விளங்குகிறது. சோம்பல் இல்லை. அந்த பக்கட் அவர்களுக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஆகவே, பிள்ளை பெற்று நாற்பது நாளும் முடியாத ஒருத்தியிடம் போய், "சுற்றாடலைக் காப்பாற்று, சீலை பாவி" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை. அந்த உரிமை வேண்டுமென்றால் வாளியை நாம் தூக்க வேண்டும்.

நான் தூக்கினேன். சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் வாளி எனக்கு. சுடுதண்ணீர் வைத்துக் கழுவி, அலசி, காயப்போட இருபது நிமிடம் போகும். இஷாவுக்குப் பிறகு அலசுகிற வேலை மருமகனுக்கு. முதலில் வெட்கப்பட்டார். பிறகு பழகிவிட்டது. சீலை மடிக்கிறது மனைவி, சில நேரம் சின்ன மகன். பிள்ளைக்காரிக்கு ஒரு வேலையும் இல்லை. எடுப்பா, துடைப்பா, வாளிக்குள் போடுவா. வைப்ஸைவிட அவவுக்கு ஒரு வேலை கூடவில்லை. அதனால்தான் இது ஆறு மாதமாக நடக்கிறது. அவவின் தலையில் கட்டியிருந்தால் ஆறு நாளில் முடிந்திருக்கும்.

முதல் கிழமை நான் கொடியில் சீலை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுத்த வளவுக் காக்கா மதிலுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன சேர், ராத்தாக்கு ஏலாதா?" என்று கேட்டார்.

"அவவுக்கு ஏலும் காக்கா. எனக்கும் ஏலும்" என்றேன்.

அவர் கேட்டதில் பிழை இல்லை. ஒரு ஆண் சீலை கழுவுகிறான் என்றால் வீட்டில் பெண்ணுக்கு நோய் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தமது உடுப்பைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே சரிசெய்தார்கள், வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் அறிவித்ததை ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். தாடியிலும் மிஸ்வாக்கிலும் சுன்னத்தைத் தேடுகிற நாம் இந்தச் சுன்னத்தை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிளேன்டீ கேட்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தடையும் இருக்கிறது. அதை வெளியே சொல்லமாட்டோம். சீலை என்றால் ஏழை வீடு, வைப்ஸ் என்றால் வசதியான வீடு என்ற எண்ணம். பிள்ளை பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படும்படி பக்கட்டை வைக்கிறோம், சீலையைக் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறோம். 2022இல் சாமான் விலை ஏறி, பால்மாவுக்கே வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் அயலில் எத்தனையோ வீட்டில் பழைய சீலை வெளியே வந்தது. ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலைமை கொஞ்சம் சரியானதும் சீலை மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. இல்லாத நேரத்தில் மட்டும் செய்தால் அது கஷ்டம். இருக்கிற நேரத்திலும் செய்தால்தான் பழக்கம்.

வைப்ஸே ஹராம் என்பது போல நான் எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பக்கட் இருக்கிறது. இரவு பஸ்ஸில் பிள்ளையோடு கொழும்புக்குப் போகிறவளுக்கு வைப்ஸ் வேண்டும். ஆஸ்பத்திரி வார்ட்டில் நிற்கிறவளுக்கு வேண்டும். கணவன் வெளிநாட்டில், தாய்க்கும் ஏலாது, தனியாக இரண்டு பிள்ளையோடு மல்லுக்கட்டுகிற சகோதரிக்கு எல்லா நாளும் வேண்டியிருக்கலாம். கழுவ ஆள் இல்லாத வீட்டில் வைப்ஸ் வாங்குவது குற்றம் இல்லை. அவளைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. பாவித்ததை மலசலகூடத்துக்குள் போடாமலும், வளவில் எரிக்காமலும் இருந்தால் போதும். நான் கேட்பது, மூன்று பெரிய மனிதர்கள் இருந்தும் ஒருவரும் வாளியைத் தொடாத வீடுகளைப் பற்றி. என் வீடும் அப்படித்தான் இருந்தது.

மாதத்துக்கு எட்டுப் பக்கட் வாங்கிய வீட்டில் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று போகிறது. சவர்க்காரத்துக்கும் தண்ணீருக்கும் கொஞ்சம் கூடத்தான் செலவாகிறது. அதைக் கழித்தாலும் மிச்சம் கையில் நிற்கிறது. குப்பைப் பை பாதியாகிவிட்டது. மீதி டயபர். அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்வோம்.

என்னிடம் இரண்டு யோசனை இருக்கிறது.

ஒன்று, பிள்ளை பார்க்கப் போகும்போது நாம் கொண்டு போகிற பையைப் பற்றி. சோப்பு, பவுடர், வைப்ஸ் என்று எல்லோரும் ஒரே சாமானைத்தான் கொண்டு போகிறோம். அதற்குப் பதிலாக, பருத்திச் சீலையில் இரண்டு டசின் துண்டு தைத்து, கழுவி, ஸ்திரிக்கை போட்டுக் கட்டிக் கொண்டு போங்கள். ஊரில் வீட்டில் இருந்து தைக்கிற சகோதரிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் தைக்கக் கொடுத்தால் அந்தக் காசு ஊருக்குள்ளேயே நிற்கும். தையல் கடைகளில் மிஞ்சுகிற பருத்தி வெட்டுத் துண்டும் குப்பைக்குப் போகாமல் பயன்படும்.

இரண்டாவது, வாப்பாமாருக்கும் மூத்தவாப்பாமாருக்கும். சீலையைப் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் முதல் மூன்று மாதமாவது அந்த வாளியை நீங்கள் பொறுப்பெடுங்கள். இருபது நிமிடம். டீக்கடையில் நாம் இருந்து கதைக்கிற நேரத்தைவிடக் குறைவு.

போன கிழமை பாடசாலையில் சுற்றாடல் கழகக் கூட்டம். பிளாஸ்டிக்கைக் குறைக்க வீட்டில் என்ன செய்தீர்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு, ஒரு ஏழாம் வகுப்பு மாணவி எழும்பி, "நீங்க என்ன சேர் செஞ்சீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பேச்சு மட்டும்தான் இருந்தது. இந்தத் தடவை, "காலையில சீலை கழுவிட்டுத்தான் புள்ள வந்த" என்றேன். வகுப்பே சிரித்தது. ஏழாம் வகுப்போடு நின்ற என் ராத்தா எனக்கு ஞாபகம் வந்தா.

சீலை கழுவுகிற வேறு நல்ல முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள். நானும் கற்றுக்கொள்கிறேன். வாசித்த ஆண்கள் இன்று இரவே வீட்டில் போய், வாளி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தையும், அவர்களைப் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் நித்திரையையும் தரட்டும். ஆமீன்.